30 சரியா, 150 சரியா? ஒரே கோட்டில் நிற்கும் மின்துகள்களின் சமநிலை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூரிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். நிலைமின்னியல் பாடத்தில் ஒரு கணக்கு: ஓரிடத்தில் +9 மைக்ரோகூலூம், அங்கிருந்து 50 செ.மீ. தள்ளி +4 மைக்ரோகூலூம், இரண்டும் நகராமல் பொருத்தப்பட்டவை. இந்தக் கோட்டில் மூன்றாவது மின்துகளை எங்கே வைத்தால் அதன் மேல் நிகர விசை பூஜ்யம்? சமன்பாடு போட்டதில் 30, 150 என்று இரண்டு விடை. புத்தகத்தில் 30 மட்டும் இருக்கிறது. அடுத்த கணக்கில் +4-க்குப் பதில் −4. மறுபடியும் அதே 30, 150 வருகிறது, ஆனால் இந்த முறை புத்தகத்தில் 150 மட்டும். "எப்போது எதை எடுப்பது, ஒரு விதி சொல்லுங்கள் சார். சமநிலை உறுதியானதா என்ற கேள்விக்கு ‘நேர்மின் துகள் என்றால் உறுதி’ என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது, அது ஏன்? இரண்டுக்கு மேல் மின்துகள் இருந்தால் சூத்திரம் உண்டா?" இவ்வளவுதான் கேள்வி.

விதி சொல்லித் தர எனக்கு மனசு வரவில்லை. ‘ஒத்த குறி என்றால் உள்ளே, எதிர்க்குறி என்றால் வெளியே’ என்று ஒரு வரி இருக்கிறது, டியூஷன்களில் புழங்குவதுதான். அதை மனப்பாடம் செய்த பிள்ளைகள் மூன்றாவதாக ஒரு மின்துகள் வந்தவுடன் தடுமாறுவதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அதைவிட, அந்தச் சமன்பாடு உண்மையில் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம்.

பெரிய மின்துகளிலிருந்து உள்ள தூரத்தை ‘த’ என்று வைத்தால், உங்கள் மகள் எழுதியிருப்பது இது:

9/த² = 4/(50 − த)²

விரித்தால் த² − 180த + 4500 = 0. மூலங்கள் 30, 150. கணக்கில் பிழை இல்லை. முதல் கணக்குக்கும் இரண்டாவது கணக்குக்கும் இதே சமன்பாடுதான் வரும், ஏனென்றால் +4 ஆனாலும் −4 ஆனாலும் விசையின் அளவு ஒன்றுதான். அதாவது, விசைகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்பது இந்தச் சமன்பாட்டுக்குத் தெரியவே தெரியாது. ‘இரண்டு விசையும் எங்கே ஒரே அளவு?’ என்று மட்டும் அது கேட்கிறது. நமக்கு வேண்டியதோ ‘எங்கே ஒரே அளவு, அதோடு எங்கே எதிரெதிர்?’ என்ற கேள்விக்கு விடை. கேள்வியில் பாதியை விட்டுவிட்டால் விடை இரண்டு மடங்காக வரத்தானே செய்யும்.

ஆடி மாதத்தில் பெரம்பூர்த் தெரு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோயிலில் பெரிய மைக் செட், 50 மீட்டர் தள்ளி இன்னொரு கோயிலில் சின்ன மைக் செட். ஒலியின் திறன் 9-க்கு 4. திறந்தவெளியில் ஒலியின் செறிவும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில்தான் குறையும் (சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியை மறந்துவிடுங்கள், அது பெரம்பூரில் கொஞ்சம் கஷ்டம்). இரண்டு பாட்டும் ஒரே அளவு கேட்கும் இடம் எங்கே? நடுவில், பெரியதிலிருந்து 30 மீட்டரில் ஒன்று. சின்ன கோயிலையும் தாண்டி இன்னும் 100 மீட்டர் நடந்தால் இன்னொன்று, அதாவது பெரியதிலிருந்து 150 மீட்டரில். அந்த இருபடிச் சமன்பாட்டுக்கு இதுதான் அர்த்தம். பாட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் என்ன, சத்தத்தின் அளவு போதும் என்றால் இரண்டு விடையும் சரி.

தெருவை விட்டுப் பக்கத்துச் சந்துகளில் நுழைந்தாலும் இரண்டும் ஒரே அளவு கேட்கும் இடங்கள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு வட்டம் கிடைக்கும். 30-க்கும் 150-க்கும் இடையே உள்ள கோடு அதன் விட்டம், மையம் 90-இல். கிரேக்கக் கணித அறிஞர் அப்பலோனியஸ் பெயரில் இந்த வட்டம் அறியப்படுகிறது.

சரி, விசைக்கு வருவோம். விசைக்குத் திசை உண்டு. ஆகவே பேனாவை எடுத்தவுடன் சமன்பாடு எழுதாமல், கோட்டை மூன்று பகுதியாகப் பிரித்து அம்புக்குறி போடச் சொல்லுங்கள்: 9-க்கு இடப்புறம், இரண்டுக்கும் நடுவில், 4-க்கு வலப்புறம். சோதனைக்கு ஒரு நேர்மின் துகளை ஒவ்வொரு பகுதியிலும் வைத்துப் பாருங்கள்.

+9, +4 என்றால் இடப்புறத்தில் இரண்டும் இடதுபக்கம் தள்ளுகின்றன. வலப்புறத்தில் இரண்டும் வலதுபக்கம் தள்ளுகின்றன. நடுவில் மட்டும்தான் எதிரெதிர். எனவே 30. அந்த 150-இல் இரண்டு விசையும் அளவில் சமம்தான், ஆனால் இரண்டும் கைகோத்து ஒரே பக்கம் தள்ளுகின்றன.

+9, −4 என்றால் நடுவில் வைத்த துகளை 9 வலதுபக்கம் தள்ளும், 4 வலதுபக்கம் இழுக்கும். அங்கே பேச்சுக்கே இடமில்லை. இரண்டு ஓரங்களிலும் எதிரெதிர். அவற்றில் இடப்புற ஓரம் 9-க்கு அருகில் இருக்கிறது. பெரியதும் அதுவே, பக்கத்தில் இருப்பதும் அதுவே, அங்கே 4 ஒருநாளும் ஜெயிக்க முடியாது. சின்னதற்கு அருகில் இருக்கும் வலப்புற ஓரத்தில் மட்டும் ‘சின்னது, ஆனால் பக்கத்தில்’, ‘பெரியது, ஆனால் தூரத்தில்’ என்று ஈடுகட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. எனவே 150.

பகுதி தெரிந்துவிட்டால் இருபடிச் சமன்பாடே தேவையில்லை. வர்க்கமூலம் எடுத்துவிடலாம். முதல் கணக்கில் 3/த = 2/(50 − த), த = 30. இரண்டாவதில் 3/த = 2/(த − 50), த = 150. ஒவ்வொன்றும் ஒரே வரி. தேர்வில் நேரமும் மிச்சம்.

தப்பு வர்க்கத்தில்தான் இருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். நீளமான, இணையான இரண்டு மின்கம்பிகளில் 9-க்கு 4 என்ற விகிதத்தில் மின்னூட்டம் இருந்தால், விசை தூரத்தின் வர்க்கத்துக்கு அல்ல, தூரத்துக்கே எதிர்விகிதம். அங்கே 9/த + 4/(த − 50) = 0 என்று எழுதினால் போதும். நடுப்பகுதியில் (த − 50) தானாகவே எதிர்க்குறி ஆகிவிடும், திசை சமன்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. விடை ஒன்றே ஒன்று, சுமார் 34.6. ஒரு கம்பியின் குறியை மாற்றினால் அதுவும் ஒன்றே ஒன்று, 90. (மேலே சொன்ன வட்டத்தின் மையமும் 90 தான். தற்செயல் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் போனால் இன்றைக்குத் திரும்ப முடியாது.) வர்க்கப்படுத்தும்போது கழித்தல் குறி செத்துவிடுகிறது. அது செத்த இடத்தில் ஒரு போலி விடை முளைக்கிறது.

போலி விடை மட்டுமே வரும் ஒரு கணக்கும் உண்டு, கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்தது. +9, −9 என்று கொடுத்துவிட்டு எங்கே பூஜ்யம் என்று கேட்பார்கள். த² இரண்டு பக்கமும் அடிபட்டுப்போய் த = 25 என்று ஒரே விடை வரும், நடுப்புள்ளி. பார்த்தால் அழகாக இருக்கும், ஆனால் தப்பு. நடுவில் இரண்டு விசையும் ஒரே பக்கம். இந்தக் கோட்டில் எங்குமே பூஜ்யம் கிடையாது. உண்மையான விடை முடிவிலிக்கு ஓடிப்போய்விட்டது.

இப்போது மதிப்பெண் போன விஷயம். மூன்றாவது மின்துகளின் அளவும் குறியும் இடத்தைத் தீர்மானிப்பதில்லை, சமன்பாட்டில் இரண்டு பக்கமும் அடிபட்டுவிடுகிறது. ஆனால் உறுதியா இல்லையா என்பதில் அதன் குறிதான் எல்லாம்.

+9, +4 கணக்கில் 30-இல் +1 மைக்ரோகூலூம் துகளை வைக்கிறோம். இரு பக்கமும் 0.9 நியூட்டன், சமம். அதை 1 செ.மீ. வலதுபக்கம் நகர்த்தினால் 9-இன் தள்ளல் சுமார் 0.84 ஆகக் குறைகிறது, 4-இன் தள்ளல் சுமார் 1.00 ஆக ஏறுகிறது. நிகரமாகக் கிட்டத்தட்ட 0.15 நியூட்டன் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புகிறது. கோட்டின் வழியே பார்த்தால் உறுதிச் சமநிலைதான். அதே துகளைக் கோட்டை விட்டுப் பக்கவாட்டில் 1 செ.மீ. நகர்த்துங்கள். இரண்டு பெரிய துகள்களும் அதைக் கோட்டிலிருந்து வெளியேதான் தள்ளும், சுமார் 0.075 நியூட்டன். திரும்பி வராது, போயே போய்விடும்.

மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரையின் சேணத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் ஒரு கோலிக்குண்டை வைத்தால் முன்பின்னாக உருண்டு நடுவுக்கு வரும், பக்கவாட்டில் மணலில் விழுந்துவிடும். இந்தச் சமநிலையும் அந்த வடிவம்தான்.

அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். கோட்டின் வழியே உள்ளிழுப்பது 0.15. கோட்டுக்குச் செங்குத்தாக இரண்டு திசை உண்டு, ஒவ்வொன்றிலும் வெளித்தள்ளுவது 0.075. இரண்டையும் கூட்டினால் அதே 0.15. இது எண்களின் விளையாட்டு இல்லை. மின்துகள் இல்லாத வெற்றிடத்தில் ஒரு சின்னப் பெட்டியைக் கற்பனை செய்தால், அதற்குள் நுழையும் புலக்கோடுகள் (நேர்மின் துகளின் மேல் விசை எந்தப் பக்கம் என்று காட்டும் கோடுகள்) அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். காஸ் விதி அப்படித்தான் சொல்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் உள்ளே தள்ளி ஒரு துகளைச் சிறைவைக்க வேண்டுமென்றால் கோடுகள் எல்லாம் உள்ளே மட்டும் நுழைய வேண்டும், அது நடக்காது. ஒரு திசையில் பிடித்தால் இன்னொரு திசையில் விட்டாக வேண்டும். அசையாத மின்துகள்களை மட்டும் வைத்து வேறொரு மின்துகளை முழு உறுதியோடு நிறுத்த முடியாது என்று இங்கிலாந்தின் சாமுவேல் எர்ன்ஷா 1842-இல் நிறுவியது இதைத்தான். கூலூம் தன் முறுக்குத் தராசை வைத்து விசை விதியை வெளியிட்டது 1785. இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல்.

எனவே ‘உறுதியா?’ என்று மட்டும் கேட்டால் விடை எப்போதும் ‘இல்லை’. கேள்வியில் ‘கோட்டின் வழியே’ என்ற சொற்கள் இருந்தால் மட்டும் குறியைப் பார்க்க வேண்டும். முதல் கணக்கில் கோட்டின் வழியே நேர்மின் துகள் உறுதி, எதிர்மின் துகள் உறுதியற்றது. இரண்டாவது கணக்கில் இது தலைகீழ். 150-ஐத் தாண்டி மிகத் தொலைவில் நின்று பார்த்தால் +9-உம் −4-உம் சேர்ந்து ஒரு +5 போலத் தெரியும், நேர்மின் துகளை வெளியே தள்ளும். 150-க்கு உள்ளே −4 பக்கத்தில் இருப்பதால் அதுவே ஜெயித்து உள்ளே இழுக்கும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் திரும்பி வராது, அதாவது உறுதியற்றது. அங்கே எதிர்மின் துகளை வைத்தால்தான் கோட்டின் வழியே உறுதி. ‘நேர்மின் என்றால் உறுதி’ என்று எழுதியது எந்தக் கணக்குக்கு என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டாவதற்கு என்றால் மதிப்பெண் போனது நியாயம்தான்.

இந்தப் பாடத்தில் இன்னொரு கணக்கும் வரும், மகளிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டையும் பொருத்தாமல் விட்டுவிட்டு, மூன்றாவதை எங்கே, எவ்வளவு வைத்தால் மூன்றுமே சமநிலையில் நிற்கும்? இடம் அதே 30. ஆனால் இப்போது அளவும் தீர்மானமாகிவிடும். +9-ஐ +4 வெளியே தள்ளுவதை நடுவில் இருப்பது இழுத்துப் பிடிக்க வேண்டும், ஆகவே அது எதிர்மின். அளவு: ந/30² = 4/50², ந = 1.44. அதாவது −1.44 மைக்ரோகூலூம். +4-இன் பக்கமிருந்து சரிபார்த்தால் ந/20² = 9/50², அங்கேயும் 1.44. இரண்டு பக்கமும் ஒத்துப்போவது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தரும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மூன்றின் இடைவெளிகளையும் ஒரே விகிதத்தில் இரண்டு மடங்கு ஆக்கினாலும் சமநிலை கெடாது, எல்லா விசையும் ஒன்றாக நாலில் ஒரு பங்காகக் குறையும், அவ்வளவுதான். அப்படி நீட்டிக்கொண்டே போக எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை என்றால் மொத்த நிலையாற்றல் பூஜ்யமாகத்தான் இருக்க முடியும். மைக்ரோகூலூம், செ.மீ. அலகிலேயே போட்டுப் பாருங்கள்: 36/50 = 0.72. கழிக்க வேண்டியவை 12.96/30 = 0.432, 5.76/20 = 0.288. கூட்டினால் சரியாக 0.72.

இதை வீட்டில் செய்து பார்க்கலாமா என்று மகள் கேட்டால் இப்போதே சொல்லிவிடுகிறேன், முடியாது. சென்னைக் காற்றின் ஈரத்தில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துண்டை இழுக்கவைப்பதே பெரும்பாடு. வகுப்பில் செய்துகாட்டப்போய் நான் அசடு வழிந்ததுண்டு. ஏசி ஓடும் அறையில் கொஞ்சம் தேவலை. ஈரத்தை விட்டுவிட்டாலும், காற்றில் மின்புலம் மீட்டருக்கு சுமார் 30 லட்சம் வோல்ட்டைத் தாண்டினால் பொறி பறந்து மின்னூட்டம் கசிந்துவிடும். 9 மைக்ரோகூலூமைத் தாங்க வேண்டுமென்றால் கோளத்தின் ஆரமே 16 செ.மீ.க்கு மேல் வேண்டும். புத்தகம் ‘புள்ளி மின்துகள்’ என்று சொல்வது உண்மையில் கால்பந்தைவிடப் பெரிய உருண்டை. இரண்டு உருண்டைக்கும் மையத்திலிருந்து மையத்துக்கு 50 செ.மீ.தான்.

கடைசிக் கேள்வி, இரண்டுக்கு மேல் இருந்தால்? இங்கே சூத்திரம் கைவிடுகிறது, படம் கைகொடுக்கிறது. எல்லாம் நேர்மின் என்றால் விஷயம் சுலபம்: அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே சரியாக ஒரு பூஜ்யப் புள்ளி, வெளியே ஒன்றும் இல்லை. இடது துகளை ஒட்டிப் புலம் வலதுபக்கம் மிகப் பலமாக இருக்கும், வலது துகளை ஒட்டி இடதுபக்கம் மிகப் பலமாக இருக்கும். ஆகவே நடுவில் எங்கோ பூஜ்யத்தைக் கடந்தாக வேண்டும்.

1 மீட்டர் இடைவெளியில் வரிசையாக மூன்று சம மின்துகள்களை வையுங்கள். நடுவில் இருப்பதற்கும் வலது ஓரத்தில் இருப்பதற்கும் இடையே பூஜ்யப் புள்ளி எங்கே? சமன்பாட்டை விரித்தால் நாலாம் படிக்குப் போகும். விரிக்கவே வேண்டாம். நடுத்துகளிலிருந்து 50 செ.மீ.யில் போட்டுப் பாருங்கள்: வலதுபக்கத் தள்ளல் 4 + 0.44, இடதுபக்கம் 4. வலது ஜெயிக்கிறது. 52-இல் 4.13-க்கு 4.34, இடது ஜெயிக்கிறது. 51-இல் வலது, 51.5-இல் இடது. பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால் 51.4 செ.மீ. பாதியைவிடச் சற்று வலதுபக்கம் தள்ளி இருப்பதற்குக் காரணம் இடது ஓரத்தில் நிற்கும் மூன்றாமவர், தூரத்திலிருந்து அவரும் லேசாகத் தள்ளுகிறார்.

குறிகள் கலந்தால் எதையும் நம்ப முடியாது. அதே மூன்றில் நடுவில் இருப்பதை மட்டும் −1 ஆக மாற்றுங்கள், +1, −1, +1. கோட்டில் ஒரு பூஜ்யப் புள்ளிகூட இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. ஆனால் கோட்டை விட்டு வெளியே வந்தால், நடுத்துகளைச் சுற்றிச் செங்குத்தாகச் சுமார் 1.3 மீட்டர் ஆரத்தில் ஒரு வளையம் முழுக்கப் புலம் பூஜ்யம். ‘எதிர்க்குறி என்றால் வெளியே’ என்று படித்த பிள்ளை இதை எங்கே போய்த் தேடும்?

கடைசியில் ஒன்று. எல்லாத் துகளும் நகரக்கூடியவை, எல்லாம் நேர்மின், ஆனாலும் வரிசையாக நிற்க வேண்டும் என்றால்? ஆய்வுக்கூடங்களில் இது தினமும் நடக்கிறது. அயனிப் பொறியில் (மின்னூட்டம் பெற்ற அணுக்களைப் பிடித்துவைக்கும் கருவி) ஒற்றை ஒற்றை அயனிகளை ஒரே கோட்டில் நிறுத்துகிறார்கள், குவாண்டம் கணினி முயற்சிகளில் ஒரு வகை இதை நம்பித்தான் இருக்கிறது. எர்ன்ஷா தடுக்கவில்லையா? அவர் சொன்னது மாறாத புலத்துக்கு. பொறியில் பக்கவாட்டுப் புலத்தை மிக வேகமாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். சேணம் சுழன்றுகொண்டே இருந்தால் கோலிக்குண்டுக்கு விழ நேரமில்லாதது போல. அயனிப் பொறியை உருவாக்கியதற்காக வொல்ஃப்காங் பவுலுக்கும் ஹான்ஸ் டெமெல்ட்டுக்கும் 1989-இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

அங்கே ஒவ்வோர் அயனியையும் ஒரு சுருள்வில் நடுவை நோக்கி இழுப்பது போலப் பொறி இழுக்கிறது, அயனிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இரண்டு விசையும் சமமாகும் தூரத்தை 1 என்று அலகாக வைத்துக்கொண்டால் கணக்கு உங்கள் மகளே போடக்கூடியது. இரண்டு அயனி என்றால் த = 1/(2த)², அதாவது த³ = 1/4. ஒவ்வொன்றும் நடுவிலிருந்து 0.63 தள்ளி நிற்கும், இடைவெளி 1.26. மூன்று என்றால் ஒன்று நடுவில், ஓரத்தில் இருப்பதற்கு த = 1/த² + 1/(2த)², த³ = 5/4, த = 1.077. இடைவெளி 1.26-இலிருந்து 1.077 ஆகச் சுருங்கிவிட்டது. நாலு அயனி வந்துவிட்டால் தெரியாத தூரம் இரண்டாகிவிடும், மறுபடி பாதி பாதியாகக் குறுக்கும் வேலைதான்: 0.454, 1.437. கழித்துப் பார்த்தால் நடுவில் இருக்கும் இரண்டுக்கும் இடையே 0.91, ஓரத்தில் 0.98. மின்சார ரயிலின் நீள பெஞ்சில் நடுவில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இரண்டு பக்கமும் நெருக்கல்.